கருகிய இலை போகட்டும், கிழங்கைக் காப்பாற்றலாம்

குன்னூர்ப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தியிலும் எட்டுப் பைகளிலும் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறீர்கள். நட்டு எழுபது நாள் ஆகிறது. ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பிடித்துக்கொண்டது, ஐந்தாம் நாள் பார்த்தால் பாத்தியில் பாதிச் செடி வெந்நீர் ஊற்றினாற்போல் கருகிக் கிடந்தது. என்ன மருந்து அடிக்கலாம் என்பது உங்கள் கேள்வி. ஆனால் நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்தால் உள்ளே இருக்கும் கேள்வி வேறு. எழுபது நாள் பார்த்துப் பார்த்து வளர்த்தது மொத்தமும் வீணா, அடியில் இருப்பதைச் சாப்பிடலாமா, அந்த மண்ணில் திரும்பவும் நடலாமா என்பதுதான் நீங்கள் கேட்பது. முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருகிய இலையைப் பச்சையாக்கும் மருந்து எதுவும் கிடையாது. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில் பெரும்பகுதியைக் காப்பாற்ற முடியும். அதற்கு இந்த வாரமே ஒரு காரியம் செய்ய வேண்டும், அது மருந்தடிப்பது அல்ல.

நான் பயிர்நோயியல் படித்தவன். இருபது வருடத்துக்கு மேல் நீலகிரியில் கேத்தி பாலாடா, நஞ்சநாடு, கோத்தகிரிப் பக்கமெல்லாம் கிழங்குக் காடுகளில் நடந்திருக்கிறேன். இருந்தாலும் செடியைத் தொட்டுப் பார்க்காமல், எழுத்தை வைத்து நோயை முடிவு செய்வதில் ஒரு எல்லை இருக்கிறது. அதனால் நீங்களே உறுதி செய்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். காலையில் பனி காயும் முன்னால் போங்கள். முழுக்கக் கருகிய இலை வேண்டாம், பாதி கருப்பும் பாதி பச்சையுமாக இருக்கும் இலையைத் திருப்பிப் பாருங்கள். கருப்பு முடிந்து பச்சை தொடங்கும் ஓரத்தில், இலையின் அடிப்பக்கம், மெல்லிய வெள்ளைப் பூஞ்சணம் வளையமாகத் தெரிகிறதா? மாவைத் தூவி ஊதிவிட்டது போல இருக்கும். வெயில் ஏறினால் மறைந்துவிடும். தெரியவில்லை என்றால் அந்த இலையைப் பறித்து, ஈரமான டிஷ்யூ தாளின் மேல் அடிப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு ராத்திரி வீட்டுக்குள் விடுங்கள். மறுநாள் காலை வெள்ளை கிளம்பியிருந்தால் அது பின்பருவ இலைக்கருகல்தான். தண்டிலும் பழுப்புக் கருப்புப் பட்டை, நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் உள்ளே பரவும் நீர் கோத்த புள்ளி, பாத்திக்கு அருகில் போனாலே ஒரு அழுகல் வாடை, இந்த மூன்றையும் நீங்கள் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மூன்றும் இதற்கே பொருந்துகின்றன.

இதோடு குழப்பிக்கொள்ளும் நோய் முன்பருவ இலைக்கருகல். அது அடி இலைகளில், வயதான இலைகளில் வரும். புள்ளிக்குள் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள் இருக்கும், சுற்றி மஞ்சளாக இருக்கும், மெதுவாகத்தான் பரவும். அதற்காகச் செடியை வெட்ட வேண்டியதில்லை, அடி இலைகளைக் கிள்ளிவிட்டால் பெரும்பாலும் போதும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தாலும் இலை ஒரே ராத்திரியில் கருகும். ஆனால் அதில் வெள்ளைப் பூஞ்சணம் வராது, மேலே திறந்து கிடக்கும் இலைதான் முதலில் போகும்.

சரி, இது ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது? பைட்டோப்தோரா இன்பெஸ்டன்ஸ் என்பது இந்த நோயை உண்டாக்கும் உயிரியின் பெயர். பூஞ்சை என்று எல்லோரும் சொல்கிறோம், பேச்சுக்கு நானும் சொல்வேன். உண்மையில் அது பூஞ்சை இனம் கிடையாது, பாசிகளுக்கு நெருங்கிய உறவு. இந்த விவரம் தெரிந்திருப்பது நல்லது. ஏனென்றால், பாசியைப் போலவே இதற்கும் உயிர் தண்ணீர்தான். இலை மேல் ஈரம் சில மணி நேரம் நின்றால் போதும். குளிர்ந்த ஈரத்தில் அதன் வித்துப் பையிலிருந்து நீந்தும் வித்துகளே வெளிவந்து, இலை மேல் இருக்கும் தண்ணீரில் நீந்திப் போய் உள்ளே நுழைகின்றன. நுழைந்த மூன்று, நான்கு நாளில் புள்ளி தெரியும். அதற்கடுத்த ஓரிரு நாளில் ஒவ்வொரு புள்ளியும் லட்சக்கணக்கில் வித்துகளைக் கிளப்பும். காற்றிலும் மழைத்துளியிலும் அவை பக்கத்துச் செடிக்குப் போகும். பிரிட்டனில் ரொம்ப காலமாக ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாமல், ஒவ்வொரு நாளும் பதினொரு மணி நேரமாவது காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கருகல் வரும் என்று எச்சரிப்பார்கள். 2017-இல் அந்தப் பதினொரு மணியை ஆறு மணியாகக் குறைத்துவிட்டார்கள், பழைய கணக்கு சில நேரம் பிந்திப்போனதுதான் காரணம். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் இறங்கி நின்றால் இந்தக் கணக்கு வாரத்தில் எத்தனை முறை நிறைவேறும் என்று நீங்களே பார்க்கலாம். இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானதும் நீலகிரியில்தான், 1870-க்கும் 1880-க்கும் இடையில். அயர்லாந்தில் 1845 முதல் பஞ்சத்தை உண்டாக்கி ஏறக்குறைய பத்து லட்சம் பேரைச் சாகடித்த அதே நோய். இவ்வளவும் சொல்வதற்குக் காரணம், உங்கள் கவனக் குறைவால் வந்தது என்று நீங்கள் வருத்தப்பட்டிருந்தீர்கள். அப்படி நினைக்காதீர்கள். நூற்றைம்பது வருடமாக நம் மலையில் குடியிருக்கும் நோய் அது.

இனி செய்ய வேண்டியது. பாத்தியில் இலைப் பரப்பில் கால் பங்குக்கு மேல் கருகிவிட்டது என்றால் தழை முழுவதையும் மண்மட்டத்தில் வெட்டிவிடுங்கள். நீங்கள் பாதி என்று எழுதியிருப்பதால் உங்கள் இரண்டு பாத்திக்கும் இதுதான் என் பதில். பிடுங்காதீர்கள், பிடுங்கினால் கிழங்கும் மேலே வரும், மண்ணும் பிளக்கும். அரிவாளாலோ கத்திரியாலோ வெட்டி, கீழே விழுந்த இலைகளையும் பொறுக்கி, பாத்தியை விட்டு அப்புறப்படுத்துங்கள். மழை விட்டு இலை சற்றுக் காய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்தால் நல்லது. அப்புறம் பாத்தியின் மேல் நான்கு விரல் உயரத்துக்கு மண் அணைத்து, வெடிப்பு எங்கேயும் தெரியாதபடி தட்டிவிடுங்கள். ஏன் என்றால் கிழங்குக்கு நோய் போவது பெரும்பாலும் தண்டு வழியாக இல்லை. இலையில் உண்டான வித்து மழைநீரோடு மண் வெடிப்பில் இறங்கித்தான் கிழங்கைத் தொடுகிறது. மேலாகக் கிடக்கும் கிழங்குதான் முதலில் கெடும். இலையை எடுத்துவிட்டால் வித்து உற்பத்தி நின்றுவிடுகிறது, மண்ணைக் கனமாக அணைத்தால் ஏற்கெனவே விழுந்த வித்துக்கு வழி அடைபடுகிறது.

வெட்டிய பிறகு குறைந்தது இரண்டு வாரம் கிழங்கைத் தொடாதீர்கள். இதுதான் எல்லோரும் தவறவிடும் இடம், நானும் தவறவிட்டிருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில், நான் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்தில் கருகல் வந்தது. தழையை வெட்டிய அன்றே, அழுகிவிடுமோ என்ற பயத்தில், தூறலோடு தூறலாகக் கிழங்கையும் தோண்டினேன். பார்க்க ஒரு குறையும் இல்லை. கழுவி, சாக்கில் கட்டி, சமையலறை மூலையில் வைத்தேன். பன்னிரண்டாம் நாள் சாக்கின் அடி நனைந்திருந்தது. அவிழ்த்தால் வந்த நாற்றம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. பாதிக்கு மேல் கூழாகியிருந்தது, மீதியில் பலவற்றை அறுத்தால் தோலுக்கு அடியில் துருப்பிடித்தாற்போல் செம்பழுப்புக் கறை. நடந்தது இதுதான்: தோண்டும்போது மேல்மண்ணில் உயிரோடிருந்த வித்துகள் ஈரக் கிழங்கில் பட்டன. தோலும் இன்னும் முற்றவில்லை, கட்டைவிரலால் தேய்த்தாலே உரியும் பக்குவம், அதனால் ஒவ்வொரு கீறலும் நுழைவாசல் ஆகிவிட்டது. இரண்டு வாரம் காத்திருந்தால் தோல் தடிக்கும், மேல்மண்ணில் இருக்கும் வித்துகளில் பெரும்பாலானவை செத்துவிடும், ஏற்கெனவே கெட்ட கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எழுபது நாளில் வெட்டினால் கிழங்கு சின்னதாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். நம் மலையில் நூறிலிருந்து நூற்றிருபது நாள் விட்டால்தான் முழு விளைச்சல். இன்னும் பத்து நாள் விட்டால் கொஞ்சம் பருக்குமே என்று மனசு சொல்லும். ஆனால் இந்த ஈரத்தில் அந்தப் பத்து நாளில் பாத்தியில் இலையே மிஞ்சாது, இலை இல்லாமல் கிழங்கு பருக்காது. கிடைக்காத பருமனுக்காக இருக்கும் கிழங்கைப் பணயம் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

தோண்டும் நாளுக்கு மழை இல்லாத பொழுதாகப் பாருங்கள். தோண்டியதைக் கழுவாமல், நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்பி உலர்த்துங்கள். வெயில் படக் கூடாது, பச்சை படிந்துவிடும். பச்சை படிந்த கிழங்கைச் சாப்பிடக் கூடாது, அதில் சோலனைன் என்ற நஞ்சு சேரும். சந்தேகமான கிழங்கை அறுத்துப் பாருங்கள். கருகல் பட்டிருந்தால் மேலே லேசாகக் குழிந்து, கருநீலமோ ஊதாவோ கலந்த நிறத்தில் திட்டாக இருக்கும், உள்ளே செம்பழுப்பு நிறம் ஒழுங்கில்லாமல் விரல்விட்டாற்போல் இறங்கியிருக்கும். அப்படி இருப்பதைத் தள்ளிவிடுங்கள். சாப்பிடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நோய் வந்த செடியின் அடியில் இருந்து எடுத்தாலும் கிழங்கு நன்றாக, கறையில்லாமல் இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம், குழந்தைகளுக்கும் கொடுக்கலாம். இந்த உயிரி மனிதர்களைத் தாக்குவதில்லை. அழுகியதை ஒதுக்கச் சொல்வது வேறு காரணத்துக்காக, கருகல் திறந்துவிட்ட வழியில் பாக்டீரியா புகுந்துவிடும். முதல் ஒரு மாதம் வாரத்துக்கு ஒரு தடவை கிழங்கைப் புரட்டிப் பாருங்கள், அதைவிட நல்லது சீக்கிரம் சமைத்துத் தீர்ப்பது.

பைகளுக்கு வருகிறேன். எட்டில் ஆறு பைகள் இன்னும் பச்சையாக இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் பத்து ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிக்கு இல்லாத ஒரு பலம் உங்களுக்கு இருக்கிறது: உங்கள் செடியை நீங்கள் தூக்கிக்கொண்டு போகலாம். இன்றைக்கே அந்த ஆறையும் கூரைச் சரிவுக்கு அடியிலோ, மேலே பாலிதீன் ஷீட் கட்டியோ, மழை இலையில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். பக்கவாட்டில் மூட வேண்டாம், காற்று ஓட வேண்டும், மூடினால் உள்ளே புழுங்கி நிலைமை மோசமாகும். பைக்கும் பைக்கும் இரண்டடி இடைவெளி விடுங்கள். தண்ணீரைக் காலையில் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள், சாயங்காலம் தலையோடு ஊற்றுவது நோயை அழைத்து வைப்பதற்குச் சமம். தினமும் இலையைத் திருப்பிப் பாருங்கள், ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்தக் கிளையைக் கிள்ளி ஒரு பையில் போட்டு மூடிவிடுங்கள். இலையை உலர வைப்பதை மிஞ்சும் மருந்தை நான் இத்தனை வருடத்தில் பார்க்கவில்லை.

அதற்கு மேல் மருந்து வேண்டும் என்றால், பச்சையாக இருக்கும் செடிக்கு மட்டும் போர்டோ கலவை போடலாம். ஒரு சதவீதக் கலவை என்றால் பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட், செம்பு உப்பு), நூறு கிராம் நல்ல சுட்ட சுண்ணாம்பு. ஆறு பைக்கு இரண்டு லிட்டர் தாராளம், இருபது இருபது கிராம் போதும். இரும்புப் பாத்திரம் ஆகாது, பிளாஸ்டிக் வாளி எடுங்கள். மயில்துத்தத்தைப் பொடித்து ஒரு லிட்டரில் தனியாகக் கரையுங்கள், சுண்ணாம்பை இன்னொரு லிட்டரில் தனியாகக் கரைத்து வடிகட்டுங்கள். பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். மாற்றி ஊற்றக் கூடாது. வானநீல நிறம் வரும். அதில் ஒரு பழைய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை வெந்துபோகும், இன்னும் சுண்ணாம்புப் பால் சேர்த்துத் திரும்பச் சோதியுங்கள். கலந்த அன்றே தீர்த்துவிட வேண்டும். இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளியுங்கள். கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் செய்யாதீர்கள், மயில்துத்தம் கண்ணில் பட்டால் கெடுதல். கடையில் கிடைக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு இரண்டரை கிராம், மாங்கோசெப் லிட்டருக்கு இரண்டு கிராம் என்பதும் இதே வேலையைத்தான் செய்யும். எல்லாமே இலை மேல் பூசும் கவசம், உள்ளே போன நோயை எடுக்காது. அறுவடைக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்பதைப் பாக்கெட்டில் போட்டிருப்பார்கள், அதைக் கட்டாயம் பாருங்கள். செம்பு மண்ணில் தங்கிச் சேரும் என்பதால் வாரம் ஒருமுறை வருடம் முழுக்க அடிக்கும் பொருளும் அல்ல அது.

கடைக்காரர் உள்ளே ஊடுருவும் மருந்து என்று மெட்டலாக்சில் கலந்ததை எடுத்துக் கொடுப்பார். அதைப் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கை. இந்த நோய் உயிரியில் ஐரோப்பாவில் பரவிய 13_ஏ2 என்ற வகை 2009, 2010 வாக்கில் தென்னிந்தியத் தக்காளித் தோட்டங்களைத் தாக்கியது ஆய்வில் உறுதியாகியிருக்கிறது. அந்த வகை மெட்டலாக்சிலுக்கு அசையாது. உங்கள் பாத்தியில் இருப்பது அந்த வகைதானா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, பரிசோதனைக் கூடத்தில்தான் தெரியும். அதனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

புளித்த மோர், சாம்பல், பஞ்சகவ்யா, சமையல் சோடா, டிரைக்கோடெர்மா பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இதுவரை சொன்னவை உறுதியானவை, இனி சொல்வது உறுதி குறைந்த பகுதி. சமையல் சோடா சாம்பல் நோய்க்கு ஓரளவு கேட்கும், அதைப் பார்த்துத்தான் இதற்கும் சொல்கிறார்கள், இது வேறு உயிரி. டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் ஆய்வுக்கூடத்தில் இந்த உயிரியை அடக்குவது உண்மை, தொடர்மழையில் திறந்த வெளியில் அதே பலன் நிலையாகக் கிடைப்பதில்லை. மோரும் பஞ்சகவ்யாவும் அடித்த காடுகளை நான் பார்த்திருக்கிறேன். மழை விட்டுவிட்ட வருடங்களில் பலித்தது, மழை நீடித்த வருடங்களில் பலிக்கவில்லை. அப்படி என்றால் பலித்தது மோரா வெயிலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. செடிக்கு நல்லது என்று நீங்கள் போட்டால் தடுக்க மாட்டேன், ஆனால் அதை நம்பித் தழை வெட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வெட்டிய தழையை என்ன செய்வது? இந்த உயிரி உயிருள்ள திசுவில்தான் பிழைக்கும். இலையும் தண்டும் மட்கினால் அதோடு சாகும். ஆகவே குழி தோண்டி ஒரு முழ ஆழத்தில் புதைக்கலாம், அல்லது உரக்குழியில் போட்டு மேலே மண் மூடலாம். கிழங்கை மட்டும் உரக்குழியில் போடவே கூடாது, கெட்ட கிழங்கையும் சரி, தோல் தடித்த துண்டையும் சரி. கிழங்கு உயிரோடிருக்கும்வரை நோயும் உயிரோடிருக்கும், அடுத்த மழையில் அதிலிருந்து முளைக்கும் செடிதான் முதல் தீப்பொறி. மண்ணைப் பற்றிய உங்கள் பயத்துக்கும் இதுவே விடை. மண்ணைக் கொட்டிவிட வேண்டியதில்லை. கையால் அளைந்து, கோலிக்குண்டு அளவுக் கிழங்கு கூட மிஞ்சாமல் பொறுக்குங்கள், தானாக முளைப்பதைப் பார்த்தவுடன் பிடுங்குங்கள். இந்த உயிரியின் இரண்டு பாலின வகைகளும் ஓரிடத்தில் சேர்ந்தால் மண்ணில் தங்கும் தடித்த வித்து உண்டாகக்கூடும் என்பதால், அடுத்த இரண்டு மூன்று போகம் அந்தப் பாத்தியில் கேரட், பீட்ரூட், பீன்ஸ், பூண்டு என்று மாற்றுவது நல்லது. தக்காளி வேண்டாம், இதே நோய் அதற்கும் வரும். வேலி ஓரத்தில் தக்காளி நிற்கிறது என்றீர்கள், அதன் இலையையும் காயையும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

அடுத்த முறைக்கு ஒரு யோசனை. கடைபோகத்தில் ஆகஸ்ட், செப்டம்பரில் நட்டால் குன்னூர், கோத்தகிரிக்குச் செடி இளசாக இருக்கும்போதே வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். வீட்டுக்கு மட்டும் போடுபவர்கள் நீர்போகத்துக்கு, பிப்ரவரியில் நடுங்கள். உறைபனி விலகியிருக்கும், தண்ணீர் நீங்கள் ஊற்றியதாக மட்டும் இருக்கும், மழை கனக்கும் முன் தோண்டிவிடலாம். சமையலறையில் முளைத்த கிழங்கை நட்டதாக எழுதியிருந்தீர்கள். அது எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன தூங்குகிறது என்று சொல்ல முடியாது. ஊட்டி முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தோட்டக்கலைத் துறையும் இருக்கிறது, விதைக்கு முதலில் அங்கே கேளுங்கள். குப்ரி ஜோதி என்ற உருளைக்கிழங்கு ரகம் 1968-இல் வந்தபோது கருகலைத் தாங்கியது, இன்றைக்கு அந்தத் தாங்குதிறன் மலையில் பெரும்பாலும் போய்விட்டது. குப்ரி கிர்தாரி என்ற ரகம் நன்றாகத் தாங்கும், கிடைத்தால் விடாதீர்கள்.

கடைசியாக, ஏற்காட்டில் இருக்கும் அக்காவுக்கு நல்ல கிழங்காகப் பார்த்து விதைக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்ப வேண்டாம். கருகல் ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் வேறு. 1961-இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்ட, உருளைச் செடியின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு நம் மண்ணில் இருக்கிறது. கிழங்கில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண்ணில் அதன் கூடுகள் போகும், போன இடத்தில் பல வருடம் உயிரோடு கிடக்கும். அதனால்தான் நீலகிரி விதைக் கிழங்கை வெளியே கொண்டுபோகப் பல பத்தாண்டுகளாகக் கட்டுப்பாடு இருக்கிறது. அக்காவுக்குக் குழம்பு வைக்கக் கொடுங்கள், இரண்டு வாரம் கழித்துத் தோண்டியதில், மண்ணை நன்றாக உதறித் துடைத்து.